5600-ஆ, 12400எஃப்-ஆ? கொட்டேஷனை முழுசாகப் படியுங்கள்

தம்பி ஒருவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடைகளில் கொட்டேஷன் வாங்கி, இரண்டையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். முதலாவதில் ப்ராசஸர் ஏஎம்டி ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக். இரண்டாவதில் இன்டெல் கோர் ஐ5 12400எஃப், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டு இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 3060. விலையில் ஆயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். ப்ராசஸருக்கு மார்க் போடும் சினிபெஞ்ச் புரோகிராமில் இன்டெல் பத்து சதவீதம் முன்னால் இருக்கிறதே, அப்போ அதுதானே வேகம், இல்லை கேமுக்கு ரைசன்தான் என்று நண்பர்கள் சொல்வது சரியா என்று கேட்கிறார். பகலில் காலேஜ் கோடிங், இரவில் வாலரன்ட், ஜிடிஏ கேம்கள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் அண்ணனும் அதே மெஷினில்தான் உட்காருவார் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு தகவல்.

தம்பி, உங்கள் கேள்வியைவிட அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுமே 2022-இல் வந்த சிப்கள். இன்டெல் ஜனவரியில், 5600 ஏப்ரலில். இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடும் மூளை), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). டப்பாவில் போட்டிருக்கும் உச்ச வேகமும் இரண்டுக்கும் ஒன்றேதான், 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் எல்லாக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் இன்டெல் 4.0-இல் நின்றுவிடும், ரைசன் அதற்குக் கொஞ்சம் மேலேயே ஓடும். அப்படியும் சினிபெஞ்ச் ஆர்23-இல் ரைசன் சுமார் 11,000, இன்டெல் சுமார் 12,000 என்றுதான் வருகிறது. ஒற்றைக் கோரில் இடைவெளி இன்னும் கொஞ்சம் பெரிது. மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் அதிகம் வேலை செய்கிறது, எப்படி? ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை கட்டளைகளைக் கையில் எடுக்கிறது என்பதில்தான் விஷயம். 12400எஃப்-இல் இருக்கும் கோல்டன் கோவ் கோர் ஒரு சுற்றுக்கு 6 கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும், 5600-இன் ஜென் 3 கோர் 4. அதோடு, முடியாமல் வரிசையில் நிற்கும் வேலைகளைக் கவனத்தில் வைத்திருக்கும் இடம் இன்டெல்லில் 512, ரைசனில் 256. ரைசனுக்கு வேறு சாமர்த்தியங்கள் உண்டு என்பதால் வித்தியாசம் இரண்டு மடங்காக ஆகாமல் பத்து சதவீதத்தில் அடங்கிவிடுகிறது.

கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாந்த தலைமுறையில் நானும் ஒருவன். 2004 வாக்கில் பெண்டியம் 4 வாங்கி, 3 கிகாஹெர்ட்ஸ் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருந்தது அத்லான் 64 3200+, வெறும் 2 கிகாஹெர்ட்ஸ். கேமில் அவன் மெஷின் என்னுடையதைத் தூக்கிச் சாப்பிட்டது. என்னுடையது பிரஸ்காட் ரகம், ஒரு கட்டளை 31 படி ஏறி இறங்க வேண்டும், அடுத்த கட்டளை எது என்ற கணிப்பு ஒருமுறை தப்பினால் அத்தனையும் வீண். அறையைச் சூடாக்குவதில் மட்டும் முதலிடம்.

சரி, இப்போது நண்பர்கள் சொல்வதற்கு வருவோம். கேமுக்கு ரைசன் என்ற பேச்சு சும்மா வந்ததில்லை, அதற்குக் காரணம் கேஷ். 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, 12400எஃப்-இல் 18. ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருந்தபடி கை நீட்டினால் எட்டும் அலமாரிதான் கேஷ், பின்தெருவில் இருக்கும் குடோன்தான் ராம். அலமாரி பெரிதாக இருந்தால் பையனைக் குடோனுக்கு ஓட விட வேண்டிய தடவைகள் குறையும். கேம் என்பது அடுத்த நொடி எந்தப் பொருளைக் கேட்கும் என்று சொல்லவே முடியாத வாடிக்கையாளர். அதனால்தான் பெரிய அலமாரி உதவுகிறது. ஆனால் இதில் ஒரு கொக்கி. ரைசனில் ராமைக் கவனிக்கும் பகுதி, கோர்கள் இருக்கும் சில்லில் (சிப்புக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டு) இல்லை, தனியாக இன்னொரு சில்லில் இருக்கிறது. அதாவது அவர்கள் குடோன் கொஞ்சம் தள்ளி. இன்டெல்லில் எல்லாம் ஒரே சில், குடோன் பக்கத்திலேயே. போதாததற்கு ஒவ்வொரு கோருக்கும் தனியாக 1.25 எம்பி எல்2 கேஷ் வேறு, ரைசனில் அது அரை எம்பிதான். பெரிய அலமாரி, தூரக் குடோன் ஒரு பக்கம். சின்ன அலமாரி, பக்கத்துக் குடோன் மறுபக்கம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். எல்லாக் கேமுக்கும் ரைசன் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் கூடுதல் கேஷோடு வரும் எக்ஸ்3டி சிப்களைப் பற்றி எங்கேயோ கேட்டதை இதன் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

அந்த எக்ஸ்3டி கதை உங்கள் சினிபெஞ்ச் சந்தேகத்துக்கும் பதில் சொல்லும். 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டிலும் அதே 8 கோர்கள். பின்னதில் எல்3 கேஷ் 96 எம்பி, ஆனால் உச்ச வேகம் 4.7-இலிருந்து 4.5-க்கு இறங்கியது. சினிபெஞ்ச்சில் எக்ஸ்3டி பின்தங்கியது. கேம்களிலோ அதே சிப் ஏஎம்டியின் அந்த வரிசையையே தாண்டிப் போனது. ஏனென்றால் சினிபெஞ்ச் ஆர்23 வரையும் படம் சின்னது, அதன் கணக்கெல்லாம் பெரும்பாலும் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும், குடோன் பக்கம் போகவே போகாது. நீங்கள் பிளெண்டர் புரோகிராமில் படம் வரையப் போகிறீர்கள் என்றால் அந்தப் பத்து சதவீதம் உங்களுக்கு உண்மை. வாலரன்ட் ஆட அதைப் பார்ப்பது, வண்டி வாங்கும்போது ஹாரன் சத்தத்தைக் கேட்டு விலை பேசுகிற மாதிரி.

அப்புறம் ஆர்டிஎக்ஸ் 3060. ஜிடிஏ மாதிரி கேமை 1080பி-யில் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஏற்றி வைத்து ஆடினால் முதலில் மூச்சு வாங்குவது கார்டுதான். டாஸ்க் மேனேஜரிலோ வேறு மீட்டரிலோ கார்டின் உபயோகம் 95-க்கு மேல் நின்றால், ப்ராசஸர் கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அப்போது எந்தச் சிப் போட்டாலும் அதே ஃப்ரேம்தான். வாலரன்ட் நேர் எதிர், அங்கே கார்டு சும்மா இருக்கும், ப்ராசஸர்தான் ஓடும். ஆனால் அதில் இரண்டு சிப்புமே 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குத் தேவையானதைவிட மேலே கொடுக்கும். ரிவ்யூக்களில் பெரிய வித்தியாசம் காட்டும் வரைபடங்களைக் கவனித்தால், அங்கே போட்டிருக்கும் கார்டு உங்களுடையதைவிட நாலு மடங்கு விலையில் இருக்கும். ப்ராசஸரைத் தனியாகப் பிரித்துக் காட்ட அவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும், தப்பில்லை. அதை உங்கள் மெஷினுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால்தான் தப்பு.

ஆக, சிப்புக்குச் சிப் வைத்துப் பார்த்தால் இது கிட்டத்தட்ட சமம். ஆனால் நீங்கள் வாங்கப்போவது சிப் மட்டும் இல்லையே. அந்த இரண்டு தாள்களிலும் மற்ற வரிகளைப் பாருங்கள்.

ரைசன் கொட்டேஷனில் ராம் ஒரே ஸ்டிக். இதுதான் எனக்கு முதலில் கண்ணை உறுத்தியது. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி போகும், இரண்டு ஸ்டிக் போட்டால் 51.2. குடோனுக்குப் போகும் ரோடு ஒற்றை வழியா இரட்டை வழியா என்பதுதான் இது. ப்ராசஸர் மேல் சுமை விழும் கேம்களில் இந்த ஒன்றே, நீங்கள் தூக்கம் கெட்டு ஒப்பிடும் இரண்டு சிப்களின் வித்தியாசத்தை விழுங்கிவிடும். பின்னாடி இன்னொரு ஸ்டிக் போட்டுக்கலாம் சார் என்று கடையில் சொல்வார்கள். என் அத்தை பையனுக்கும் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். மூன்று வருடம் அதே ஒற்றை ஸ்டிக்கில் ஓடியது, அவன் ஸ்டட்டர் (படம் திக்கித் திக்கி ஓடுவது) வருகிறது என்று கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினான், அப்போதும் போகவில்லை. கடைசியில் பழைய ஸ்டிக் ஒன்று கிடைத்துச் சொருகியதும் சரியானது. எட்டு எட்டாக இரண்டே கேளுங்கள். மாட்டியதும் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் வரி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள்.

பி450 போர்டு பழையது. 5600 அதில் ஓடும், ஆனால் பயாஸ் புதுசாக இருக்க வேண்டும். பழைய ஸ்டாக் என்றால் திரை வராது, கடையிலேயே அப்டேட் செய்து ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, 5600-இல் பிசிஐஇ 4.0 (கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே லேன் லேனாகப் போகும் பாதை) இருந்தாலும் பி450 போர்டில் அது 3.0 ஆகத்தான் வரும். ஆர்டிஎக்ஸ் 3060 பதினாறு லேனில் உட்காரும் கார்டு, அதற்கு இது பொருட்டே இல்லை. காசு மிச்சம் பிடிக்க ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு நாலே லேன், 3.0 போர்டில் அது நன்றாகவே அடி வாங்கும். பி550 கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம். எச்610-இலும் குறை உண்டு, எம்.2 எஸ்எஸ்டிக்கு 3.0 வேகம்தான். அன்றாட வேலையில் அதை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

கரண்ட், சூடு. சென்னையில் இதைப் பேசாமல் விட முடியாது. இன்டெல் தாளில் 117 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து நிறைய பேர் பயப்படுகிறார்கள். அது உச்ச வரம்பு, அவ்வளவுதான். 12400எஃப் முழு மூச்சில் ஓடினாலும் பெரும்பாலும் 70, 80 வாட் பக்கம்தான் நிற்கும். 5600-க்கு வரம்பே 76 வாட். ஆக சுமை ஏற்றினால் இரண்டும் ஒன்று. வித்தியாசம் வருவது சும்மா இருக்கும்போது. தனிச் சில் வைத்திருக்கிற காரணத்தால் ரைசன் சும்மா இருக்கும்போதும் கூடுதலாகக் கொஞ்சம் குடிக்கும். 20 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தினம் பத்து மணி நேரம், 60 நாளுக்கு 12 யூனிட். இரண்டு மாத பில்லில் பெரிசாகத் தெரியாது, 500 யூனிட் எல்லையில் தள்ளாடும் வீடாக இருந்தால் மட்டும் அம்மா கேள்வி கேட்பார்.

சூடுதான் நிஜமான பிரச்சினை. ரிவ்யூ எடுப்பவர்கள் 21, 22 டிகிரி அறையில் எடுப்பார்கள். மே மாதம் மதியம் ஏசி போடாத உங்கள் அறை 35-ஐத் தொடும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பும் ஏறும், இதில் மாயம் எதுவும் கிடையாது. 5600-இன் வரம்பு 90 டிகிரி, 12400எஃப்-க்கு 100. ரைசன் டப்பாவோடு வரும் சின்ன ஸ்டெல்த் கூலர் சாதாரண நாளில் சமாளிக்கும், அக்னி நட்சத்திரத்தில் அண்ணன் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் வரம்பை ஒட்டிப் போய் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தம் ஹாலுக்குக் கேட்கும். நான் எந்தச் சிப் வாங்கினாலும் ஒரு சாதாரண டவர் கூலர் போட்டுவிடச் சொல்வேன். சினிபெஞ்ச் ஆர்23-ஐ பத்து நிமிடம் விடாமல் ஓட்டினால் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் மார்க் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். அந்தப் புரோகிராமினால் எனக்கு இருக்கும் பெரிய உபயோகமே அதுதான்.

கூலர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏஎம்4 (5600 உட்காரும் சாக்கெட்) சிப்பில் பின்கள் சிப்பின் அடியிலேயே இருக்கும். இரண்டு வருடம் கழித்துத் தூசி தட்டுகிறேன் என்று கூலரை நேராகப் பிடித்து இழுத்தால், இறுகிப்போன பேஸ்ட்டோடு சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, லேசாக இடம் வலமாகத் திருகி எடுங்கள். இன்டெல்லில் பின்கள் சாக்கெட்டில், அங்கே சிப் வைக்கும்போதுதான் கை நடுங்கக்கூடாது.

தாளில் ட்ரே என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டப்பா இல்லாமல் வரும் சிப் அது, விலை குறைவாக இருக்கும், கூலர் வராது, வாரண்டியும் பெரும்பாலும் அந்தக் கடைக்காரர் சொல்வதுதான். டப்பாச் சிப்புக்கு இரண்டு கம்பெனியும் மூன்று வருடம் தருகிறார்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நீங்கள் நினைப்பது இதுவாகவே இருக்கலாம்.

இப்போது அண்ணன். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கையில் இன்று பெரும்பாலும் சோனி ஏ7 IV, கேனான் ஆர்6 மாதிரி கேமராக்கள். அவற்றில் கலர் நன்றாக இழுக்க வேண்டும் என்று நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் 10 பிட் 4:2:2-இல் எடுப்பார்கள். இந்த வகை எச்.265 (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) ஃபைலைப் பிரித்துக் காட்ட ஆர்டிஎக்ஸ் 3060-க்குத் தெரியாது. ஆமாம், அவ்வளவு பெரிய கார்டுக்குத் தெரியாது, என்விடியா அதைச் சேர்த்ததே 2025-இல் வந்த 50 வரிசையில்தான். இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் அதைச் சர்வசாதாரணமாகப் பிரிக்கும். ஆனால் உங்கள் தாளில் இருப்பது 12400எஃப். அந்த எஃப் என்ற எழுத்துக்கு அர்த்தமே உள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதுதான். 5600-இலும் கிடையாது. ஆக இரண்டு கொட்டேஷனில் எதை வாங்கினாலும் அண்ணன் பிரீமியர் எடிட்டிங் புரோகிராமில் டைம்லைனை இழுக்கும்போது ஆறு கோரும் திணறும், படம் விட்டு விட்டு ஓடும், அவர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் லேசான நகல்) போட்டுக் காத்திருப்பார். எஃப் இல்லாத வெறும் 12400 வாங்கினால் அதே ஃபைல் வழுக்கிக்கொண்டு போகும். கோரும் வேகமும் கேஷும் அதே, கூடுதலாக யுஎச்டி 730. இங்கே வருகிற வித்தியாசத்துக்குப் பக்கத்தில் அந்தப் பத்து சதவீதம் நிற்கவே நிற்காது.

இரண்டு எச்சரிக்கை. தனிக் கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும், பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும். இன்னொன்று, குயிக் சிங்க் பிரிப்பது எச்.265 4:2:2. எச்.264-இல் 4:2:2 எடுத்திருந்தால் அதுவும் கைவிரித்துவிடும், கேமராவில் வாய்ப்பு இருந்தால் எச்.265-க்கு மாற்றச் சொல்லுங்கள். உள் கிராஃபிக்ஸால் இன்னொரு லாபமும் உண்டு. 3060 என்றைக்காவது பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மெஷினில் திரையாவது வரும். எஃப் சிப், 5600 இரண்டிலும் அந்த நாட்களில் மெஷின் வெறும் டப்பாதான்.

உங்கள் கோடிங்குக்கு இரண்டும் தாராளம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பின்னால் மாற்ற இடம் இருக்கிறதா என்றால், இரண்டு சாக்கெட்டும் கடைசிப் படிக்கட்டில் நிற்கின்றன. ஏஎம்4-இல் 5700எக்ஸ்3டி மாதிரி ஒன்று கைக்குக் கிடைத்தால் கேமுக்கு அருமையான தாவல். இன்டெல் பக்கம் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் அதே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் அவற்றில் பல, வோல்டேஜ் கோளாறால் தேய்ந்துபோன விவகாரம் 2024-இல் பெரிதாக வெடித்தது. மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) அப்டேட் கொடுத்தார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். 12-ஆம் தலைமுறைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆகவே 12400 பற்றிப் பயம் வேண்டாம். செகண்ட் ஹேண்டில் 13, 14 வாங்கும்போது மட்டும் யோசியுங்கள்.

வீட்டில் நீங்கள் மட்டும் என்றால், 5600, பி550, இரண்டு ஸ்டிக் என்று மாற்றி எழுதி வாங்கி, விலை குறைவாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லியிருப்பேன். அண்ணன் இருப்பதால் 12400, எஃப் இல்லாதது, டிடிஆர்4 போடுகிற பி660 அல்லது பி760 போர்டு, எட்டு ஜிபி இரண்டு. அதற்குக் கூடுதல் பணம் உறுத்தினால் எச்610-ஐயே வைத்துக்கொண்டு சிப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், பெரிய நஷ்டமில்லை. கடைக்குத் திரும்பப் போகுமுன் அண்ணன் எந்த கேமராவில், எந்த ஃபார்மேட்டில் எடுக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் 8 பிட் 4:2:0-தான் என்றால், 3060-ஏ அதைப் பார்த்துக்கொள்ளும், நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.